தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதலாமா?

பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை ஒன்று இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் பல்லவர் கால எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குகை இன்று தர்காவாக விளங்குகிறது. மகேந்திரவர்மன் ஆண்டது ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை. நபிகள் நாயகத்துக்கு மக்காவில் முதல் இறைச்செய்தி வந்தது ஏறத்தாழ 610இல், அவர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றது 622இல், மறைந்தது 632இல். பல்லாவரத்தில் சிற்பிகள் பாறையைக் குடைந்த காலத்தில்தான் அரபு நாட்டில் இஸ்லாம் பிறந்துகொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே போனால் கோவளம் கடற்கரையில் தமீம் அன்சாரி தர்கா வருகிறது. நபித்தோழர் ஒருவரே அங்கு அடங்கியிருக்கிறார் என்பது அங்கு செல்வோரின் நம்பிக்கை. வடக்கே பரங்கிமலை இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமா உயிர்நீத்த குன்று அது என்பது கிறிஸ்தவர் மரபு. தென்சென்னைப் புறநகரின் இந்தச் சிறிய வட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒரு பெரிய கேள்வியைக் கேட்கலாம். ஒரு மதம் எப்படிப் பிறந்தது, எப்படிப் பரவியது என்பதை வைத்து அதன் மதிப்பைத் தீர்மானிக்க முடியுமா?

இஸ்லாத்தைப் பற்றி இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். வாளால் பரவியது என்பார் ஒருவர். வணிகத்தாலும் இறைநேசர்களின் அன்பாலும் பரவியது என்பார் மற்றவர். இருவரும் எதிரெதிர் அணியில் நிற்பதுபோலத் தோன்றினாலும், இருவருக்கும் அடித்தளம் ஒன்றே: முதல் நூற்றாண்டில் நடந்தது எதுவோ அதுவே அந்த மதத்தின் சாரம். தொடக்கம் வன்மையானால் மதமும் வன்மையானது. தொடக்கம் மென்மையானால் மதமும் மென்மையானது. இந்த அடித்தளமே தவறு என்பது என் வாதம். ஆட்சி பரவுவது ஒரு வரலாறு, நம்பிக்கை வேரூன்றுவது இன்னொரு வரலாறு. முன்னது சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். பின்னது பல நூற்றாண்டுகள் எடுக்கும். அதை நடத்துபவர்கள் படைத்தலைவர்களைவிட, ஏற்றுக்கொண்ட மக்களே. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் விவாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

முதலில் ஆட்சியின் வரலாற்றைப் பார்ப்போம். 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் அடைந்த வெற்றி உலக வரலாற்றின் வியப்புகளில் ஒன்று. 636இல் யர்மூக் போரில் பைசாந்தியப் பேரரசு சிரியாவை இழந்தது. 642இல் நஹாவந்தில் சாசானியப் பாரசீகத்தின் முதுகெலும்பு முறிந்தது. அதே ஆண்டையொட்டி அலெக்சாந்திரியாவும் கைமாறியது. 711இல் ஒரு படை ஸ்பெயினில் கால்வைத்தது, இன்னொரு படை சிந்துவை நோக்கி நகர்ந்தது. நபிகள் மறைந்து 80 ஆண்டுகளுக்குள் இத்தனையும் நடந்தன. ஆனால் இதைத் தனித்த அதிசயமாகவோ தனித்த குற்றமாகவோ பார்ப்பதற்கு முன் அந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். பைசாந்தியமும் பாரசீகமும் 602 முதல் 628 வரை கால் நூற்றாண்டு ஓயாமல் மோதி ஒன்றையொன்று உலர்த்தியிருந்தன. அரபுப் படைகள் வந்தபோது இரு பேரரசுகளிடமும் போதிய படையும் இல்லை, போதிய பணமும் இல்லை. வென்று எடுத்துக்கொள்வது அன்றைய அரசியலின் பொது வழக்கு. நஹாவந்துப் போர் நடந்த அதே 642இல்தான் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியைக் கைப்பற்றினான். வாதாபி வெற்றியைக் கொண்டு பல்லவர் காலத்துப் பக்தியை யாரும் அளப்பதில்லை. அப்பரின் பாடலுக்கும் நரசிம்மவர்மனின் யானைப்படைக்கும் வேறு வேறு அளவுகோல் வேண்டும் என்பது நமக்கு இயல்பாகவே தெரிகிறது.

இந்த ஒப்பீட்டை உடனே மறுக்கலாம். வாதாபிப் போர் ஓர் அரசன் நடத்திய போர். மதீனாவிலோ இறைத்தூதரே அரசுத் தலைவராகவும் இருந்தார். அங்கே மதத்தையும் ஆட்சியையும் எப்படிப் பிரிப்பது? இது வலுவான மறுப்பு. மழுப்பிவிட்டுப் போக முடியாதது. மக்காவில் இருந்த 12 ஆண்டுகளில் முஸ்லிம்கள் ஆட்சியற்ற, அடிபட்ட சிறுபான்மை. அவர்களில் ஒரு பகுதியினர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் தேடிப் போனார்கள். 622க்குப் பிறகு நிலைமை மாறியது. மதீனாவில் சமூகமே அரசானது. அங்கு உருவான உடன்படிக்கை, யூத குலங்களையும் சேர்த்து ஒரு பொதுப் பாதுகாப்பு ஏற்பாட்டை வகுத்தது. அதே மதீனாவில் 624இல் பத்ருப் போரும் அடுத்தடுத்த மோதல்களும் நடந்தன. 627இல் பனூ குறைழா என்ற யூத குலத்தின் ஆண்கள் கொல்லப்பட்டதை முஸ்லிம் மரபு நூல்களே பதிவு செய்திருக்கின்றன. நம்பிக்கையும் அதிகாரமும் அந்தப் பத்து ஆண்டுகளில் ஒன்றாக வாழ்ந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றாக வாழ்ந்த இரண்டும் ஒரே வேகத்தில் பயணம் செய்தனவா என்பதே கேள்வி. அதற்கு விடை, போர்க்களங்களைத் தாண்டி அடுத்த 200 ஆண்டுகளில் இருக்கிறது.

வென்ற நாடுகளில் அரபுப் படைகள் பெரும்பாலும் ஊருக்குள் குடியேறி மக்களை மதம் மாற்றவில்லை. பஸ்ரா, கூஃபா, எகிப்தின் ஃபுஸ்தாத் எனத் தனிப் படைக்குடியிருப்புகளை அமைத்துக்கொண்டு, உள்ளூர் அதிகாரிகளை வைத்தே வரி வாங்கினார்கள். அரசுக் கணக்குகள் பல பத்தாண்டுகள் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டன. இஸ்லாத்தின் பெயரை உரக்கச் சொல்லும் அரசு அடையாளங்கள் பெரிதாக எழுந்தது கலீஃபா அப்துல் மலிக் காலத்தில்தான்: ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் 691–692இலும், குர்ஆன் வாசகம் பொறித்த, உருவமற்ற நாணயம் 696–697இலும் வந்தன. முஸ்லிமல்லாதோர் ஜிஸ்யா வரி கட்டியதால், மக்கள் பெருமளவில் மதம் மாறுவது கருவூலத்துக்கு நட்டம். ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ், மதம் மாறி நகரத்துக்கு வந்த உழவர்களைத் திரும்பக் கிராமத்துக்கே விரட்டினார்; முஸ்லிமானவர்களிடமும் ஜிஸ்யா வாங்கப்பட்டது. 717இல் பதவியேற்ற இரண்டாம் உமர்தான் அதைத் திருத்த முயன்றார். மக்களை மதம் மாற்றவே புறப்பட்ட அரசு, மாறி வந்தவனை விரட்டுமா? வாழ்க்கை வரலாற்று அகராதிகளில் வரும் பெயர் வரிசைகளை ஆராய்ந்த ரிச்சர்டு புலியட், ஈரானில் ஏறத்தாழ பாதி மக்கள் முஸ்லிமாக 9ஆம் நூற்றாண்டு ஆயிற்று என்று கணித்தார். எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் பெருந்தொகையினராக இருந்தார்கள். நஹாவந்தில் போர் முடிந்து 200 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த ஒன்றை நஹாவந்தின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இங்கே இன்னொரு தரப்பு குறுக்கிடும். வரியே ஒரு வாள்தானே, இரண்டாம் தரக் குடிமகனாக வாழ்வதன் மெல்லிய அழுத்தம் நூறு ஆண்டுகளில் எவரையும் வளைத்துவிடுமே என்று கேட்கும். இதில் உண்மை உண்டு. ஆட்சி தரும் வசதிகள், நீதிமன்றத்தில் கிடைக்கும் மரியாதை, மணவுறவு, பதவி எல்லாமே ஒரு மதத்தின் பக்கம் மனிதரைச் சாய்க்கும். மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினான் என்று சைவ மரபு சொல்வதற்கும், அதைப் பெருமையோடு சொல்வதற்கும் காரணம் அரசன் மாறினால் நாடு திரும்பும் என்ற அதே எண்ணம்தான். ஆனால் ஆட்சியின் அழுத்தம் மட்டுமே விளக்கமாக இருந்தால், ஆட்சி நீண்ட இடத்தில் மதமாற்றம் மிகுந்திருக்க வேண்டும். உலக வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. தில்லியைச் சுற்றிய பகுதி 600 ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம் மன்னர்களின் தலைவாசலாக இருந்தும் அங்கே இந்துக்களே பெரும்பான்மை. கிரேக்கமும் செர்பியாவும் பல்கேரியாவும் பல நூற்றாண்டுகள் உதுமானியர் கீழ் இருந்தும் கிறிஸ்தவ நாடுகளாகவே மீண்டன. மறுபுறம், ஆட்சி மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த கிழக்கு வங்கத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையானார்கள். காட்டை அழித்துக் கழனியாக்கிய குடியேற்றத்தோடு அங்கே இஸ்லாம் வளர்ந்ததை ரிச்சர்டு ஈட்டன் 1993இல் வெளியான நூலில் விரிவாகக் காட்டினார். வெளியிலிருந்து எந்த முஸ்லிம் படையும் சென்று வெல்லாத இந்தோனேசியாவில்தான் இன்று உலகின் மிகப்பெரிய முஸ்லிம் மக்கள்தொகைகளில் ஒன்று வாழ்கிறது. ஆட்சி இருந்தும் பரவாத இடங்கள் உண்டு, ஆட்சி இல்லாமலே பரவிய இடங்களும் உண்டு என்றால், ஆட்சியை மூலகாரணம் என்று சொல்வது எப்படி?

தென்னகக் கடற்கரை இந்த வாதத்துக்கு நேரடிச் சான்று. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில், அரபின் கூஃபி எழுத்திலும் பாரசீகப் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு இந்து அரசர் தந்த கொடைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று திருப்புல்லாணிப் பகுதியில் சோனகச் சாமந்தப் பள்ளி என்ற முஸ்லிம் பள்ளிவாசலுக்கு நிலம் இறையிலியாக விடப்பட்டதைச் சொல்கிறது. பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அந்தக் குதிரைகள் பாண்டியனின் படைக்கு உயிர்நாடி. சட்ட மரபும் இதே கதையைச் சொல்கிறது. கடற்கரை மரைக்காயர்கள் பின்பற்றுவது ஷாஃபி மரபு. ஏமன், கேரளம், இந்தோனேசியா என இந்தியப் பெருங்கடலின் கரைகளெங்கும் நிலவும் மரபு அது. உள்நாட்டு ராவுத்தர்களும் வடக்கிலிருந்து வந்த தக்காணி முஸ்லிம்களும் ஹனஃபி மரபினர். தில்லியும் மத்திய ஆசியாவும் பின்பற்றிய மரபு அது. தொழுகையில் கை கட்டும் முறை வரை நீளும் இந்த வேறுபாடு, தமிழ் மண்ணுக்கு இஸ்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வந்தது என்பதற்கு இன்றும் உயிரோடிருக்கும் ஆவணம்.

மாலிக் காஃபூரை மறந்துவிட்டீர்களே என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 1311இல் அவர் தலைமையில் தில்லிப் படை மதுரை வரை வந்து கோயில்களைக் கொள்ளையடித்தது. ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை மதுரையில் ஒரு சுல்தானகம் நடந்தது. அந்தச் சுல்தானகத்தின் கொடுமைகளைக் கண்ணால் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. அவரே ஒரு முஸ்லிம் நீதிபதி. அந்தச் சுல்தானுக்கு உறவினரும்கூட. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை அருவருப்போடு அவர் பதிவு செய்தார். ஆனால் இதே ஆவணங்கள் வேறொன்றையும் சொல்கின்றன. மாலிக் காஃபூர் வந்தபோது பாண்டியன் படையிலேயே முஸ்லிம் வீரர்கள் இருந்ததைத் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ குறிப்பிடுகிறார். மதுரைச் சுல்தானோடு மோதிய ஹொய்சள மன்னன் மூன்றாம் பல்லாளனின் படையிலும் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததை இப்னு பதூதா எழுதுகிறார். தில்லியின் வாள் தமிழகத்துக்கு வருமுன்பே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள்; அவர்களில் ஒரு பகுதியினர் அந்த வாளுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். சுல்தானகம் 40 ஆண்டுகளில் சுவடின்றிப் போனது. காயலும் கீழக்கரையும் நாகூரும் நிலைத்தன.

அப்படியானால் வணிகம்தான் விடை என்று மறுதரப்பு வெற்றி கொண்டாடக் கூடாது. வணிகன் பொருளை இறக்கிவிட்டுப் போகிறவன். அவன் வந்து போவதால் மட்டும் ஒரு மீனவக் குப்பமோ நெசவாளர் தெருவோ தன் தெய்வத்தை மாற்றிக்கொள்வதில்லை. வணிகத்துக்குள்ளும் அதிகாரம் உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கரானது, முத்து வணிகத்தில் மேலோங்கியிருந்த முஸ்லிம்களோடு ஏற்பட்ட மோதலில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைப் பெறுவதற்காக. காரணம் முழுக்க உலகியல் சார்ந்தது. இன்று தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் நின்று வேண்டும் பரதவப் பெண்ணின் நம்பிக்கை போர்ச்சுகீசியப் பீரங்கியின் விளைவு என்று சொல்பவர் அவளையும் அறியார், வரலாற்றையும் அறியார். தொடங்கிவைத்த காரணம் ஒன்று. தாங்கிப்பிடித்த காரணம் வேறு. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, வளைகுடாப் பணம் என்றும் சதி என்றும் நாடெங்கும் பேச்சு எழுந்தது. மாறியவர்களோ சாதி இழிவைப் பற்றிப் பேசினார்கள். வாள் என்றாலும் வணிகம் என்றாலும் பணம் என்றாலும் அவ்விளக்கங்களில் ஓர் ஆள் காணாமல் போகிறார்: மதத்தை ஏற்றவர். அவருக்கும் புத்தி உண்டு, காரணம் உண்டு, கனவு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத எந்த விளக்கமும் அரை விளக்கமே.

ஏற்றவர்கள் செய்தது என்ன என்பதைத் தமிழில் பார்க்கலாம். இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மூத்ததாகக் கருதப்படும் ஆயிரமசலா 1572இல் அரங்கேறியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டது; நபிகளின் வரலாற்றைக் காப்பிய மரபில், நாட்டுப்படலமும் நகரப்படலமும் வைத்து, அரபுப் பாலையில் தமிழ் மருதத்தின் வளத்தைப் பாய்ச்சி அவர் பாடினார். கொல்லம் செப்பேட்டுக்கும் சீறாப்புராணத்துக்கும் இடையே 800 ஆண்டுகள். அந்த 800 ஆண்டுகளில் ஒரு வெளிநாட்டு வணிகரின் வழிபாடு ஒரு தமிழ்ச் சமூகத்தின் தாய்மொழி நம்பிக்கையாக முதிர்ந்தது. யர்மூக் போர் சில நாட்களில் முடிந்தது. இதற்குத்தான் இத்தனை தலைமுறை தேவைப்பட்டது.

இந்த வெளிச்சத்தில் கோவளத்தைப் பார்க்கலாம். தமீம் அன்சாரியின் உடல் ஒரு பேழையில் கடலில் மிதந்து வந்து இங்கே கரையொதுங்கியதாக மரபு சொல்கிறது. எழுத்தில் பதிந்த கோவளத்தின் வரலாறு பெரும்பாலும் பிற்காலத்தது; 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் பெயரால் அது சஆதத் பந்தர் என்ற துறைமுகமாயிற்று, 1752இல் அதன் கோட்டையைக் கிளைவ் பிடித்தார். 7ஆம் நூற்றாண்டு நபித்தோழர் ஒருவர் இங்கு அடங்கியதற்கு அந்நூற்றாண்டின் கல்வெட்டோ நூலோ சான்றாக இல்லை. பரங்கிமலையின் நிலையும் இதுவே. 1547இல் அங்கே கிடைத்த பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவை, பாரசீகக் கிறிஸ்தவர் இக்கரையில் வாழ்ந்ததற்குச் சான்று. தோமாவின் வருகைக்குச் சான்று ஆகாது. ஆனாலும் இந்த இரு மரபுகளையும் பொய் என்று ஒதுக்கிவிடும் வரலாற்று மாணவர் ஒரு முக்கியமான சான்றைத் தவறவிடுகிறார். ஒரு சமூகம் தன் தொடக்கத்தை எப்படிக் கற்பனை செய்துகொள்கிறது என்பதும் வரலாறே. தென்சென்னைக் கடற்கரையின் முஸ்லிம்கள் தம் தொடக்கமாகத் தேர்ந்தெடுத்தது மாலிக் காஃபூரை அன்று, நவாபையும் அன்று. படையில்லாமல், பல்லக்கில்லாமல், உயிரும் இல்லாமல் கடலில் மிதந்துவந்த ஒரு தோழரை. ஆட்சியாளரின் வாரிசாக இருப்பதைவிட அடைக்கலம் பெற்றவரின் வாரிசாக இருப்பதையே அந்த நினைவு பெருமையாகக் கொண்டது. அங்கே நேர்ச்சை செய்ய வரும் இந்துக்களும் அந்தத் தேர்வை அங்கீகரிக்கிறார்கள்.

இதை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. தர்கா வழிபாடு நபிகளின் காலத்தில் இல்லாதது, தூய இஸ்லாத்துக்குப் புறம்பானது என்று தமிழகத்தின் தவ்ஹீத் இயக்கத்தினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுடைய இறையியலுக்குள் நுழைய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுடைய வாதத்தின் அமைப்பைக் கவனிக்கலாம்: முதல் நூற்றாண்டில் எது இருந்ததோ அதுவே உண்மை. இஸ்லாத்தின் மீது வெறுப்பைப் பரப்புவோரும் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்: முதல் நூற்றாண்டில் போர் இருந்தது, ஆகவே போரே அதன் உண்மை. நோக்கத்தில் இருதரப்பும் இரு துருவங்கள், தர்க்கத்தில் உடன்பிறப்புகள். நடுவிலிருக்கும் 1300 ஆண்டுகளையும், அந்த ஆண்டுகளில் வாழ்ந்து தொழுது பாடி மறைந்த கோடிக்கணக்கான மனிதரையும் இருதரப்பும் கணக்கிலிருந்து கழித்துவிடுகின்றன. அந்த முதல் நூற்றாண்டைப் பற்றிய ஆய்வோ இன்னும் ஓயவில்லை. நபிகளின் முழு வரலாறாக நம்மிடம் இருக்கும் மூத்த நூல் 767இல் மறைந்த இப்னு இஸ்ஹாக்கினுடையது. அதுவும் இப்னு ஹிஷாமின் திருத்திய வடிவில். வரலாற்றாய்வாளர்கள் பாட்ரீசியா குரோனும் மைக்கேல் குக்கும் 1977இல் மரபு வரலாற்றையே அடியோடு ஐயுற்றார்கள். பர்மிங்காமில் உள்ள குர்ஆன் ஏட்டின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டபோது அந்த ஐயத்தின் ஒரு பகுதி தளர்ந்தது. அறிஞர்கள் இன்றும் வாதிடும் ஒரு காலத்தின் மீது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய தீர்ப்பை ஏற்றிவைப்பது அறிவுக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாது.

பல்லாவரக் குகையைக் காட்டி இறுதி மறுப்பு வரும். கோயிலாகக் குடையப்பட்டது தர்காவாகியிருக்கிறதே, இதுவே ஆக்கிரமிப்பின் சாட்சி இல்லையா? அங்குள்ள கல்வெட்டு அரசனின் விருதுகளைப் பேசுகிறது. வெற்றி முழக்கம் எதையும் பேசவில்லை. வழிபாட்டிடங்கள் கைமாறுவது இஸ்லாத்தோடு தொடங்கியதும் இல்லை. திருப்பரங்குன்றத்தின் தென்புறத்து உமையாண்டார் கோயில் முதலில் சமணக் குடைவரை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் சிவன் கோயிலாக மாறியது. இதனால் எந்த மாற்றமும் குற்றமற்றது என்று ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் அதனதன் சான்றைக் கொண்டே எடைபோட வேண்டும் என்றுதான் ஆகிறது. ஒரு குகையிலிருந்து ஒரு மதத்தின் குணத்தைப் பிழிந்தெடுக்க முடியுமானால், அந்தச் செக்கில் எல்லா மதங்களும் ஆட்டப்படும்.

இந்தச் சிக்கலின் தத்துவ முடிச்சு தாம்பரத்திலேயே ஒருமுறை அவிழ்க்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கல்லூரி தாம்பரத்துக்கு மாறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மாநாட்டுக்காகவே நூல் எழுதிய டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர், ஜாவாவில் பல ஆண்டுகள் இஸ்லாத்தைக் கற்றவர். கிறிஸ்துவில் வெளிப்பட்ட இறைவெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அவருடைய நிலை. ஒவ்வொரு மதத்தையும் பிரிக்க முடியாத ஒரே முழுமையாக அவர் பார்த்தார். அக்கல்லூரியின் முதல்வராக இருந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் அதற்கு மறுமொழி சொன்னார். கொள்கைகளும் சடங்குகளும் அமைப்புகளும் சேர்ந்த மதம் வேறு. அந்த மதத்துக்குள் நின்று ஒரு மனிதர் இறைவன் மீது வைக்கும் உயிருள்ள நம்பிக்கை வேறு. பிற சமயத்தவரிடம் பின்னதைக் காண மறுப்பது நேர்மையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஹாக் இதைக் கிறிஸ்தவ இறையியலுக்குள் நின்று சொன்னார். ஆனால் அந்தப் பாகுபாட்டை எந்த மதத்தின் வரலாற்றுக்கும் பொருத்தலாம். கலீஃபாக்களின் போர்கள் மதம் என்ற அமைப்பின் வரலாறு. கோவளத்துக்கு வரும் ஒரு தாயின் துஆ நம்பிக்கையின் வரலாறு. அந்தத் தாயின் மீது யர்மூக் போரின் வழக்கைத் தொடுக்க முடியாது.

இதற்கு இரு முனைகளிலிருந்தும் எதிர்ப்பு வரலாம். இறைவனின் செயலை வரி, துறைமுகம், சாதி என்று சுருக்கிவிட்டீர்கள் என்று நம்பிக்கையாளர் வருந்துவார். சுருக்கவில்லை. ஒரு நம்பிக்கை எந்த வழியாக ஒருவரை வந்தடைந்தது என்று வரலாறு சொல்லும். அந்த நம்பிக்கை உண்மையா என்று சொல்லும் அதிகாரம் வரலாற்றுக்கு இல்லை. ஐயவாதியோ, அப்படியானால் மதங்களை எதை வைத்தும் விமர்சிக்கக் கூடாதா என்று கேட்பார். தாராளமாக விமர்சிக்கலாம். அது இன்று என்ன போதிக்கிறது, பெண்ணை எப்படி நடத்துகிறது, மாற்றுக் கருத்தை எப்படி எதிர்கொள்கிறது, ஏழைக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, விடையைப் பொறுத்துப் பாராட்டலாம், கண்டிக்கலாம். இந்த அளவுகோல் இஸ்லாத்துக்கும் சைவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நாத்திகத்துக்கும் ஒன்றாக இருந்தால் போதும். 642ஆம் ஆண்டைக் கொண்டு தொடுக்கப்படும் வழக்குகள் மட்டும்தான் தள்ளுபடியாகின்றன.

தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சுற்றிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று பல மதத்தவர் ஒரே மாடிப்படியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய கைபேசிகளிலோ 7ஆம் நூற்றாண்டுப் போர்கள் அன்றாடம் மீண்டும் நடத்தப்படுகின்றன. அந்தச் செய்திகளை வாசிப்போருக்குச் சொல்ல இரண்டே இருக்கின்றன. வரலாறு என்று சொல்லி எதையாவது அனுப்புகிறவரிடம், அவர் எந்தத் தரப்பினராக இருந்தாலும், ஆண்டையும் ஆவணத்தையும் கேளுங்கள். அதில் தயவு காட்ட வேண்டாம். தர்காவுக்கோ கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவர் வரலாற்றுத் தேர்வு எழுதப் போகவில்லை. போர்களுக்கு அரசர்களும் கலீஃபாக்களும் பொறுப்பு. நம்பிக்கைக்கு, அதைக் கொண்டு வாழ்கிறவரின் இன்றைய நடத்தை ஒன்றே பொறுப்பு.